கல்லுக்குள் கடல்! காவல் யார்?

கல்லக்குடி என்றதும் நம் கண்முன்னே வந்து நிற்பது என்ன? தண்டவாளம்! 1953 ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் 15 ஆம் நாள். வடநாட்டு முதலாளியின் பெயரைத் தாங்கி நின்ற புகைவண்டி நிலையத்தின் பலகையிலே தமிழ்ப் பெயர் எழுத வேண்டும் என்று கழகத் தோழர்கள் அணிவகுத்துச் சென்ற நாள். கலைஞர் தண்டவாளத்திலே படுத்த நாள். இருவர் உயிரைப் பறிகொடுத்த போராட்டம். பெயர் மாறிற்று. இன்று அந்த நிலையத்தின் பலகையிலே கல்லக்குடி என்ற சொல்லைப் படிக்கலாம்.

ஆனால் ஒரு செய்தி நம்மிற் பலர் அறியாதது. நிலையத்துப் பலகை மாறியது. நிலத்தடியில் உள்ள பாறையின் பெயர் மாறவில்லை! உலகத்து நிலவியலார் எழுதும் ஆய்வு ஏடுகளிலே அந்தச் சுண்ணாம்புப் பாறைக்கு இன்றளவும் பெயர் 'டால்மியாபுரம் பாறைத் தொகுதி'தான். இதற்காக இன்னொரு முறை தண்டவாளத்திலே தலை வைக்கச் சொல்லவில்லை. ஊரின் பெயர் மாறினாலும் பாறைக்கு இட்ட பெயரை மாற்றாதிருப்பது அந்தத் துறையின் வழக்கம். போகட்டும், பெயர் இருந்துவிட்டுப் போகட்டும். நான் பேச வந்தது பெயரைப் பற்றியல்ல, பொருளைப் பற்றி. அந்தக் கல்லுக்குள் என்ன இருக்கிறது, அது யாருடையது, அதற்குக் காவல் யார் என்பதைப் பற்றி.

கல்லுக்குள் இருப்பது கடல், தோழர்களே!

கதையல்ல. கல்லக்குடிச் சுரங்கத்திலே வெடி வைத்துப் பிளக்கிறார்களே, அது 10 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பவளமும் பாசியும் கட்டிய திட்டு. பவளம் எங்கே வளரும்? வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த, தெளிந்த கடலிலே வளரும். அப்படியானால் கல்லக்குடி அன்று கடலுக்குள் இருந்தது. ஒட்டிக்கிடந்த பெரும் நிலப்பரப்பு பிளந்து, நாம் நிற்கும் இந்த நிலம் அண்டார்க்டிகாவின் பிடியிலிருந்து விலகியபோது, விட்ட இடைவெளியிலே கடல் புகுந்தது. ஊட்டத்தூர், காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, நின்னியூர் என்று நாம் பேருந்திலே கடந்து போகும் ஊர்களெல்லாம் அந்தக் கடலின் கரையும் அடியுமாகக் கிடந்தவை. கடல் ஏறிற்று, இறங்கிற்று, மீண்டும் ஏறிற்று. 4 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக அது ஆடிய ஆட்டத்தின் கணக்கு, ஏடு ஏடாக, அடுக்கு அடுக்காக, திருச்சி, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்ணிலே எழுதப்பட்டிருக்கிறது. உலகம் அந்தக் காலத்தைக் கிரெட்டேசியஸ் காலம் என்று அழைக்கிறது.

அரியலூர்ப் பக்கம் சுரங்கத்திலே வேலை செய்யும் தோழனுக்கு இதை நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட கல்லை அவன் கையிலே எடுத்துப் பார்த்திருப்பான். அதுதான் அம்மோனைட். பார்த்தால் நத்தை போலிருக்கும். நத்தையல்ல, கணவாய்க்குப் பங்காளி. காரைக்குப் போனால், மழை அரித்த செம்மண் ஓடைகளிலே துப்பாக்கி ரவை போன்ற கற்கள் கிடக்கும். பெலம்னைட் என்பார்கள், அதுவும் கணவாய் வகையைச் சேர்ந்த ஒரு உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதி. கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புப் பாறையோ, பாறை என்று சொல்வதைவிடச் சிப்பிக் குவியல் என்று சொல்வதே பொருந்தும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்து மடிந்த சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இறுகிக் கிடக்கின்றன. அந்தச் சிப்பியைத்தான் வெட்டி, அரைத்து, 1,450 பாகை வெப்பத்திலே சூளையில் சுட்டு, மூட்டையிலே கட்டி, சிமெண்ட் என்று விற்கிறார்கள். நீ கட்டிய சுவரிலே, தோழா, கடல் இருக்கிறது!

இந்த இடத்திலே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இமயத்துக்கு அப்பால் கண்டகி ஆற்றிலே கிடைக்கும் அம்மோனைட்டைச் 'சாளக்கிராமம்' என்று சொல்லி, சுருளைச் சக்கரம் என்று சொல்லி, பாலாபிடேகம் செய்து பூசிப்பவர் உண்டு. நம் காரையில் கிடப்பதற்கும் அதற்கும் உறவு உண்டு. அங்கே பட்டுத்துணியிலே பொதிந்து வைக்கிறார்கள், இங்கே சல்லிக்கு உடைக்கிறார்கள்! ஒருவன் கும்பிட்டான், இன்னொருவன் நொறுக்கினான். இருவருமே 'இது என்ன?' என்று கேட்கவில்லை.

நம்மவரையும் விட்டுவைக்கப் போவதில்லை. இந்தக் கடலைக் காட்டி, 'பார்த்தீர்களா, கடல்கொண்ட குமரிக்கண்டத்துக்குச் சான்று!' என்று மேடையிலே முழங்குகிற நண்பர்களும் இருக்கிறார்கள். வேண்டாம், ஐயா. அந்தக் கடலிலே சுறா இருந்தது, மனிதன் இல்லை. தமிழனும் இல்லை, தெலுங்கனும் இல்லை. மனித இனம் தோன்றுவதற்கு இன்னும் பல கோடி ஆண்டுகள் இருந்தன. தமிழின் தொன்மைக்குக் கீழடி இருக்கிறது, சங்கப் பாடல் இருக்கிறது. சிப்பியைப் பொய்ச்சாட்சிக்கு இழுக்க வேண்டிய ஏழ்மை நமக்கு வந்துவிடவில்லை.

கேட்டவர்கள் யார்? 1840 ஆம் ஆண்டளவிலே கேய், கன்லிஃப் என்ற வெள்ளையர் இருவர் இங்கே கற்களைப் பொறுக்கினர். அவை இலண்டனுக்குச் சென்றன. பின்னர் பிளான்ஃபோர்டு என்பவர் இந்த வட்டாரத்தை நடந்தே அளந்து 1862 இலே நூல் எழுதினார். ஐரோப்பாவின் மொராவியாவிலிருந்து வந்த ஸ்டோலிச்கா என்ற இளைஞர், இந்தக் கடலின் உயிர்களைப் பற்றித் தொகுதி தொகுதியாக எழுதினார். 1874 இலே லடாக்கின் பனியிலே உயிர்விட்டார். அவர்கள் உழைப்புக்கு நன்றி சொல்வோம். ஆனால் அன்று எடுத்த கற்கள் எங்கே? சில இலண்டனில், பல கல்கத்தாவில். அரியலூரின் சிப்பியை அரியலூரின் பிள்ளை பார்க்க, ஆயிரம் கல் தொலைவு போக வேண்டியிருந்தது. வாரணவாசியிலே அருங்காட்சியகம் ஒன்று எழுந்தபிறகுதான் அந்தக் குறை ஓரளவு தீர்ந்தது.

இனி, நெஞ்சு பொறுக்காத கதைக்கு வருகிறேன்.

கல்லமேடு என்ற ஊர் அரியலூர்ப் பக்கம் உண்டு. கடல் பின்வாங்கி, ஆறு மண்ணைக் கொட்டிய காலத்து நிலம் அது. அங்கே இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினர் இருவர் எலும்புகளைக் கண்டனர். கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம்! அதாவது நம்மிலே நெட்டையான ஆளைவிட உயரம். 'பிருகத்காயசாரஸ்' என்று பெயர் சூட்டி 1980களின் இறுதியிலே உலகுக்கு அறிவித்தனர். முதலில் இறைச்சி தின்னும் டைனோசர் என்று எண்ணினர். பின்னர் வந்தவர்கள், 'இல்லை, இது நீண்ட கழுத்துடைய தழையுண்ணி' என்றனர். 2023 இலே வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதன் எடை 100 டன்னைத் தாண்டியிருக்கலாம் என்று கணக்கிட்டனர். அந்தக் கணக்கு சரியானால், மண்ணின்மேல் நடந்த உயிர்களிலே மிகப் பெரியது நம் கல்லமேட்டிலே நடந்திருக்கிறது!

'சரியானால்' என்று ஏன் இழுக்கிறேன்? அளந்து பார்க்க எலும்பு இல்லை, தோழர்களே! களிமண்ணும் மணலும் கலந்த அந்த நிலத்திலே ஈரம் ஊறிய எலும்புகள் நொறுங்கிப் போயின. எடுத்ததும் போயிற்று. இன்று ஒரு துண்டுகூட இல்லை. எஞ்சியவை படங்களும் பழைய கட்டுரையும்தான். அது எலும்பே அல்ல, கல்லாய்ப் போன மரம் என்றுகூட வெளிநாட்டில் ஐயப்பட்டவர் உண்டு. 2022 இலே பழைய நிழற்படங்களை வெளியிட்டுத்தான் மறுமொழி சொல்ல நேர்ந்தது. மறுமொழி சொல்ல எலும்பைக் காட்ட வேண்டிய நாம், படத்தைக் காட்டினோம்! கண்டெடுத்த ஆய்வாளர்மீது குற்றம் சுமத்தவில்லை. வெயிலிலும் மழையிலும் அலைந்து கண்டவர்கள் அவர்கள். கண்டதைக் காக்க கூரையும் ஆளும் பணமும் தராத அரசுகளைத்தான் கேட்கிறேன்.

காக்க முடியாது என்பதல்ல. சாத்தனூரிலே 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. 1940 இலே கிருஷ்ணன் என்ற நிலவியல் அறிஞர் வெளிப்படுத்தினார். வேலி கட்டினார்கள், ஆள் வைத்தார்கள், இன்றும் கிடக்கிறது. வேலி உள்ள மரம் பிழைத்தது, வேலி இல்லாத விலங்கு தொலைந்தது.

2020 அக்டோபரிலே குன்னம் பக்கம் மண் வெட்டியபோது, பெரிய பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை! டைனோசர் முட்டை!' என்று கைப்பேசிகள் கதறின. பார்த்துச் சொல்லக்கூடியவர் வந்து, 'முட்டையல்ல, அம்மோனைட்டைச் சுற்றிக் கடற்சேறு திரண்டு இறுகிய உருண்டை' என்று சொல்வதற்குள், ஊர் திரண்டுவிட்டது. மக்களைப் பழிப்பதா? பள்ளியிலே அம்மோனைட்டைக் கண்ணிலே காட்டியிருந்தால் அந்தக் கூச்சல் எழுந்திருக்குமா?

இப்போது டில்லிக்கு வருவோம். ஒன்றியச் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரிலே ஒரு சட்ட வரைவை வெளியிட்டது. நிலவியல் மரபுச் சின்னங்களைக் காக்கவாம்! நோக்கம் நல்ல நோக்கம், வரவேற்கிறோம். சிதைப்பவனுக்கு ஆறு திங்கள் சிறை, 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் என்பதையும் வரவேற்கிறோம். ஆனால் எந்த இடம் சின்னம் என்று அறிவிப்பது யார்? டில்லி. நிலத்தை எடுத்துக்கொள்வது யார்? டில்லி. பேணுவது யார்? அதே சுரங்க அமைச்சகத்தின் கீழுள்ள ஆய்வுத் துறை. வெட்டு என்று சொல்வதும் அந்த அமைச்சகம், காப்பாற்று என்று சொல்வதும் அந்த அமைச்சகம்! ஆட்டுப்பட்டிக்குக் காவலாக யாரை வைப்பது என்று நம் சிற்றூர்க் கிழவிக்குத் தெரியும். டில்லிக்குத் தெரியவில்லையே! கல்லங்குறிச்சிப் பாறையைப் பற்றிக் கல்லங்குறிச்சி ஊராட்சிக்கு ஒரு சொல் உண்டா? தமிழக அரசுக்கு ஒரு நாற்காலி உண்டா?

இந்த உரிமைக் கதை புதிதல்ல. சுரங்கக் கல்லின்மீது ஊராட்சிகளுக்கென்று தமிழ்நாடு ஒரு செஸ் வாங்கி வந்தது. 1958 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி. ஒரு சிமெண்ட் நிறுவனம் வழக்காடியது. 1989 இலே உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், 'மாநிலத்துக்கு அந்த உரிமை இல்லை' என்று தீர்ப்பளித்தனர். கல் நம்முடையது, குழி நம்முடையது, குழியிலிருந்து எழும் புழுதி நம் பிள்ளைகளின் நெஞ்சிலே. வரி போடும் உரிமை மட்டும் நம்முடையதல்ல! 35 ஆண்டுகள் இந்த நிலை. 2024 ஜூலை 25 இலே ஒன்பது நீதிபதிகள் கூடி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கிலே, அந்தப் பழைய தீர்ப்பு தவறு, கனிமத்துக்கு வரி விதிக்கும் உரிமை மாநிலத்துக்கு உண்டு என்றனர். அந்த ஆண்டே தமிழ்நாடு சட்டம் இயற்றி, 2025 ஏப்ரலிலே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சுண்ணாம்புக் கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய் என்று விதித்தது. 20 டன் ஏற்றிய லாரி ஒன்று சுரங்க வாயிலைத் தாண்டினால் 3,200 ரூபாய்!

முதலாளிகள் முனகினார்கள். முனகட்டும். நான் கேட்பது அவர்களையல்ல, கோட்டையிலே எவர் அமர்ந்திருந்தாலும் அவர்களை; நம்மவரே அமர்ந்திருந்தாலும் கேட்பேன். அந்த 160 ரூபாயிலே ஒரு ரூபாய், ஒரே ஒரு ரூபாய், அந்தக் கல்லிலே வாழ்ந்த உயிர்களின் எச்சத்துக்கும், அதைப் படிக்கப்போகும் பிள்ளைகளுக்கும் ஒதுக்கக் கூடாதா? டில்லியின் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? வாங்கிய உரிமையைப் பயன்படுத்தாமல், உரிமை, உரிமை என்று முழங்கி என்ன பயன்?

'சுரங்கத்தை மூடச் சொல்கிறாயா? எங்கள் பிழைப்பு?' என்று கேட்கும் தோழனுக்கு மறுமொழி: மூடச் சொல்லவில்லை. வெடி வைக்குமுன் அந்தத் தட்டைப் பார்வையிட ஒரு நிலவியலார் வேண்டும். கண்டதை எடுத்து வைக்கக் கூடை வேண்டும், கொட்டகை வேண்டும். தோண்டித் தீர்ந்த குழியிலே ஒரு பக்கச் சுவரையேனும் மூடாமல், சரிக்காமல், அடுக்குகள் தெரியும்படி விட்டுவைக்க வேண்டும்; மாணவர் வந்து படிக்கட்டும். காரையிலும் கல்லமேட்டிலும் உள்ளூர் இளைஞர்களையே காவலுக்கு அமர்த்தி மாதச் சம்பளம் தர வேண்டும். சுருள் கல் கண்டு ஒப்படைக்கும் தொழிலாளிக்குப் பரிசும், அருங்காட்சியகத்திலே அந்தக் கல்லின் கீழ் அவன் பெயரும் வேண்டும். வெள்ளைக்காரன் பெயர் இருக்கிறது, முதலாளி பெயர் பாறைக்கே இருக்கிறது, கண்டெடுத்தவன் பெயர் ஏன் இருக்கக் கூடாது?

சட்டமன்றத்திலே சுரங்கத் துறை மானியக் கோரிக்கை வரும் நாளில், அரியலூர், பெரம்பலூர், இலால்குடிப் பகுதித் தோழர்கள் தங்கள் உறுப்பினரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுங்கள்: கல்லமேட்டுக்குக் காவலாள் எத்தனை பேர்?