திடலை யாரிடம் ஒப்படைப்பது?

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் இயங்கும் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நியமனம் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியை மீறியது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபர் 21 அன்று அதை ரத்து செய்தபோது, அது பொறியாளர்களின் தலைவலி என்று வனவியல் துறையில் நம்மவர்கள் இருந்துவிட்டார்கள். அடுத்த மாதமே கேரள மீன்வளப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனமும் உயர் நீதிமன்றத்தில் விழுந்தது. வேளாண் குடும்பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு யுஜிசி விதி பொருந்தாது என்ற சமாதானம் அத்தோடு போயிற்று. பிறகு 2025 ஜனவரியில் யுஜிசியின் புதிய வரைவு விதி வந்து, பேராசிரியர் அனுபவமே இல்லாமல் தொழில்துறையிலோ பொது நிர்வாகத்திலோ பத்தாண்டு உயர்பதவி வகித்தவருக்கும் அந்த நாற்காலியைத் திறந்துவிடுகிறது.

எங்கள் நிலை இதுதான்: தேடல் குழு மூன்று பெயருக்குக் குறையாமல் தரட்டும், பத்தாண்டுப் பேராசிரியர் என்ற விதியும் அப்படியே இருக்கட்டும். வரைவின் அந்தத் திறப்பு வேண்டாம். தமிழகமும் கேரளமும் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு எதிர்த்ததில் எங்களுக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் பழைய விதி, புதிய வரைவு இரண்டுமே கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பத்தாண்டு பேராசிரியராக இருந்த வனவியலாளர் நிர்வாகத்துக்குப் போகும்போது, அவர் நட்ட மரங்களை யார் அளப்பது?

பி. மோகன்குமாரை நம் வாசகர்கள் அறிவார்கள். வெள்ளானிக்கரை வனவியல் கல்லூரியில் பலா, அயனி, நெல்லி, வேங்கை உட்பட ஒன்பது மர இனங்களை 8.8 வயதில் வெட்டி எடைபோட்டு அவர் போட்ட, 1998இல் வெளிவந்த உயிர்த்திரள் கணக்கை இன்றும் மேற்கோள் காட்டுகிறோம். பிறகு அவர் டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் உதவித் தலைமை இயக்குநராகவும், நாலந்தாவில் பேராசிரியராகவும், அருணாசலத்தின் நாம்சாயில் துணைவேந்தராகவும் இருந்தார். ஒரு வனவியலாளர் அவ்வளவு தூரம் போனது துறைக்குப் பெருமை. அந்த ஒன்பது இனக் கணக்குக்கு ஏறக்குறைய ஒன்பது வருடம் ஒரே ஆய்வுத்திடலைக் காக்க வேண்டியிருந்தது என்பதற்காகவே அவரை இங்கே சொல்கிறேன். இன்று மூன்று வருடத் திட்டநிதியில் அதை யார் செய்வார்? நான்கைந்து வருடத்தில் வெட்டுக்கு வரும் சவுக்கின் மேல் எல்லோரும் ஆய்வு செய்வது சவுக்கின் மேல் உள்ள காதலால் அல்ல.

பெயர் சொல்லாமல் ஒரு தேக்குத் திடலைச் சொல்கிறேன். அதை நட்ட பேராசிரியர் பதிவாளராகிப் போனார். திட்டம் முடிந்ததும் காவலாளியின் கூலி நின்றது. நான் போனபோது அலுமினிய எண் தகடுகளைப் பட்டை முக்கால்வாசி விழுங்கியிருந்தது. 14ஆ, 41ஆ என்று சொல்ல முடியவில்லை. எந்த வரிசை எந்த இடைவெளி என்ற வரைபடமும் சுற்றளவுப் பதிவேடும் அவருடைய வீட்டு அலமாரியில். மரங்கள் நன்றாகத்தான் நின்றன, ஆனால் அது ஆய்வுத்திடல் இல்லை, வெறும் தோப்பு. அடுத்த ஆண்டு விடுதிக் கட்டடத்துக்காக அதையும் வெட்டினார்கள்.

நிலம்பூரில் 1840களில் மலபார் ஆட்சியர் கானலி நட்ட தேக்கை நூற்றெண்பது ஆண்டு கழித்தும் பாதுகாக்கத் தெரிந்த நாடு இது. வேளாண் காடுகளுக்கான அகில இந்திய ஒருங்கிணைந்த திட்டம் 1983இலிருந்து ஓடுகிறது. 2014இல் தேசியக் கொள்கையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் திடல் பராமரிப்புக்கென்று நிலையான நிதித் தலைப்பு கேட்டால், கோப்பு ஒவ்வொரு மேசையிலும் ஒரு குறிப்போடு திரும்பி வருகிறது: மரம் வளர்வதற்குச் செலவு எதற்கு? இதை எழுதியவர்களில் வனவியல் படித்தவர்களும் உண்டு என்பதுதான் பொறுக்கவில்லை. தரமதிப்பீட்டுக்கு வருகிறவர்கள் கட்டுரைகளை எண்ணுகிறார்கள். திடலுக்கு நடந்து வந்த குழுவை நான் பார்த்ததில்லை.

யுஜிசியும் வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் ஒரு வரி சேர்த்தால் போதும். நிர்வாகப் பொறுப்பேற்கும் பேராசிரியர் தன் நீண்டகாலத் திடல்களின் வரைபடத்தையும் பதிவேட்டையும் பெயர் குறிப்பிட்ட ஒருவரிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைத்த பின்பே விடுவிக்கப்பட வேண்டும். உங்கள் வளாகத்தில் இப்படி அனாதையாக நிற்கும் திடல்கள் இருந்தால் இனம், நட்ட ஆண்டு, கடைசியாக அளந்த ஆண்டு மூன்றையும் எழுதி அனுப்புங்கள். பட்டியலாக்கி இரண்டு அலுவலகங்களுக்கும் அனுப்புவோம்.