மரத்துக்கு ரெண்டு மக்கு

திருப்பூரில் துணியின் கனத்தைக் கண்ணால் பார்த்து யாரும் ஒப்புக்கொள்வதில்லை. வட்டக் கட்டரால் 100 சதுர செ.மீ. துணியை வெட்டித் தராசில் வைப்பார்கள். எடையை 100-ஆல் பெருக்கினால் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 180 கேட்ட இடத்தில் 165 வந்தால் லாட் திரும்பிவிடும். சாயத்துக்கும் கிராம் கணக்குதான்.

அதே ஊர்க்காரர் ஞாயிற்றுக்கிழமை பொங்கலூர், உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக்குப் போனால் கணக்கு மாறிவிடுகிறது. "மரத்துக்கு ரெண்டு மக்கு போடுப்பா." அவ்வளவுதான். எந்த மக்கு, எந்த உரம் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டாக வேண்டும். ஒரு லிட்டர் மக்கில் தலைதட்டி அள்ளினால் யூரியா சுமார் முக்கால் கிலோ பிடிக்கும். பொட்டாஷ் ஒரு கிலோவை ஒட்டி வரும். காய்க்கும் தென்னைக்கு ஆண்டுக்கு 1.3 கிலோ யூரியா, சூப்பர் பாஸ்பேட்டும் பொட்டாஷும் தலா 2 கிலோ, அதையும் இரண்டு தவணையாகப் போடுங்கள் என்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகம். ஆக, தவணைக்கு யூரியா 650 கிராம்தான். ரெண்டு மக்கு என்றால் ஒன்றரை கிலோ. வருஷத்து யூரியாவுக்கும் மேலாக ஒரே நாளில் கொட்டியாகிவிட்டது!

விலையும் ஒரு காரணம். மானியத்தால் 45 கிலோ யூரியா மூட்டை ரூ.266.50-க்குக் கிடைக்கிறது, கிலோ ஆறு ரூபாய்கூட இல்லை. இதை யார் நிறுத்துப் பார்ப்பார்கள்? ஆனால் வேர் எடுக்காதது நைட்ரேட்டாகக் கிணற்றுக்கு இறங்குகிறது. குடிநீரில் அதற்கு அனுமதி லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான். நொய்யல் ஆறு கெட்டதற்காக 2011-ல் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். தோட்டத்து உரத்துக்கு அடைக்கக் குழாய் இல்லை, சீல் வைக்கக் கதவும் இல்லை.

அளப்பது கஷ்டமான வேலையும் அல்ல. ஏக்கரில் நூற்றில் ஒரு பங்கு சென்ட். 20 அடிக்கு 21¾ அடி. மருந்தடிக்கும் தெளிப்பானில் அளந்து தண்ணீர் ஊற்றி, வழக்கமான நடையில் ஒரு சென்ட் அடித்துவிட்டு, குறைந்ததை 100-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு வந்துவிடும். இரண்டு லிட்டர் குறைந்தால் ஏக்கருக்கு 200 லிட்டர். கம்பெனி வாசல் புல்தரைக்கு உரம் தூவுகிறவர், தூவும் முன்னும் பின்னும் வாளியை நிறுத்தால் போதும். மணிக்கு 4 லிட்டர் விடும் சொட்டுவானின் அடியில் கால் மணி நேரம் பாத்திரம் வைத்தால் ஒரு லிட்டர் சேர வேண்டும். 700 மில்லிதான் சேர்ந்தது என்றால் அடைப்பு. சொட்டுநீரோடு உரம் கலக்கும் வென்சுரியில் விடும் உரமும் அந்தச் செடிக்குக் குறைவாகத்தான் போகும்.

சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்க் கருவியை முழு மானியத்தில் தருகிறது அரசு. மண்வள அட்டை எத்தனை கிலோ என்று அச்சடித்துத் தருகிறது. அந்தக் கிலோவை மக்குக் கணக்காக்கும் வேலை மட்டும் விவசாயி தலையில் விடப்பட்டிருக்கிறது. மூட்டை விற்கும் கூட்டுறவுச் சங்கங்கள் யூரியாவுக்கு ஒன்று, பொட்டாஷுக்கு ஒன்று, சூப்பருக்கு ஒன்று எனக் கோடு போட்ட மக்கு ஒன்றைக் கூடவே கொடுக்கட்டும். அது வரும்வரை, அடுத்த தவணைக்குத் தோப்புக்குப் போகும்போது கம்பெனித் தராசையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள்.