சாப்பாட்டு மேசைக்கு வந்த சிகிச்சை



பிள்ளை ஒரு நேரம் சாப்பிட மறுப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஆனால், பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து உருகினால், அது பிடிவாதமல்ல, நோய். 'அனொரெக்ஸியா நேர்வோசா' என்பது அதன் பெயர். மனநோய்களுள் அதிகமாக உயிரைப் பறிப்பவற்றில் இதுவும் ஒன்று.

அமெரிக்கா, பிரித்தானியா போன்ற நாடுகளில் இந்நோயாளர் பலர் வாரத்தில் பல நாட்கள் பகல்நேரச் சிகிச்சை நிலையங்களுக்குச் செல்வர். உண்ணும்போது தாதியோ வேறு நிபுணரோ அருகில் அமர்ந்திருப்பார். 2020 மார்ச்சில் கொவிட் பரவியதும் இத்தகைய நிலையங்கள் பல கதவை மூடின. நோய் காத்திருக்குமா? தனிமையும் பயமும் சேர்ந்து, இளம் பெண்களிடையே அது பெருகவே செய்தது. ஆகவே சிகிச்சை வீடியோ வழியாக வீட்டுக்கே வந்தது.

பிள்ளை கெமராவின் முன் தட்டை வைத்து உண்ணும். மறுமுனையில் நிபுணரும் கூடவே உண்பார். வெறுந்தட்டைக் காட்ட வேண்டும். வாந்தி எடுத்துவிடாதிருக்க, உண்டபின்னும் சற்று நேரம் இணைப்பிலேயே இருக்க வேண்டும். நிறையைப் பெற்றோரே பார்ப்பர். பல இடங்களில் பிள்ளை தராசுக்கு முதுகைக் காட்டி நிற்கும். திரையில் தன் முகத்தைக் கண்டு குறைபடும் பிள்ளை, அப்படத்தை மறைத்துக்கொள்ளலாம்.

இதற்கு எல்லையும் உண்டு. கெமராவின் கண்ணுக்குத் தப்பி உணவை ஒளிக்க முடியும். நாடித்துடிப்பையும் இரத்தத்தையும் நேரில்தான் பரிசோதிக்க வேண்டும். மயங்கி விழுபவருக்கும் நாடி மிகவும் தளர்ந்தவருக்கும் வைத்தியசாலையே இடம். நெடும்பட்டினிக்குப் பின் திடீரென அதிகம் ஊட்டுவதும் ஆபத்து. இரத்தத்தில் பொஸ்பேற்று குறைந்து இதயமே பாதிக்கப்படலாம்.

மறுமுனையில் நிபுணர் இருந்தாலும், பிள்ளையின் பக்கத்தில் இருந்தவர்கள் பெற்றோர்தாமே! இது புதிய கருத்துமல்ல. பெற்றோரைக் குற்றஞ்சாட்டாது, பிள்ளைக்கு உணவூட்டும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைக்கும் முறையை லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையினர் 1980களிலேயே ஆராய்ந்தனர்.

சகோதரியே, உங்கள் மகள் உணவை ஒளிக்கிறாளா? உண்டதும் குளியலறைக்கு ஓடுகிறாளா? மாதவிடாய் நின்றுவிட்டதா? ஏசாதீர்கள், 'மெலிந்தால்தான் அழகு' என்ற பேச்சையும் வீட்டில் நிறுத்துங்கள். தாமதியாது வைத்தியரிடம் காட்டுங்கள். பின்பு தினமும் அவளுடன் அமர்ந்து, பொறுமையாக உண்ணுங்கள். உங்கள் மேசையும் அவளுக்கு மருந்தாகும்.