வேலிக்கு ஓணான் சாட்சி

எங்கள் சேரிச் சுடுகாட்டுக்கு வேலி கிடையாது. குழிமேட்டு மேல மாடு மேயும். மழைக்காலத்தில் நாய் தோண்டும். 2021 தை மாதம் நாங்கள் பதினைந்து பேர் சேர்ந்து ஒதியங்கழி நட்டு, கருவமுள் வெட்டிவந்து கட்டினோம். மூன்றாம் நாள் வருவாய்த்துறை ஆள் ஜீப்பில் வந்து இறங்கினார். 'புறம்போக்குல வேலி போட எவன்டா ஒங்களுக்குப் பர்மிசன் குடுத்தது?' என்றார். பொழுது சாய்வதற்குள் பிடுங்கி எறிந்தார்கள். கையில் முள் கிழித்த காயம்கூட அப்போது ஆறவில்லை.

அதே ஆளிடம் மேற்கே கையைக் காட்டினேன். அங்கே மில்காரர் வயலைத் தூர்த்து, கிராவல் அடித்து, ஆள் உயரத்துக்கு மேடாக்கியிருக்கிறார். மேட்டைத் தாங்க ஒரு சுவர். எங்கள் மூஞ்சி தெரியாமலிருக்க அதன்மேல் இன்னும் ஐந்தடி. நாங்கள் மூன்று தலைமுறையாகப் பெரிய குளத்துக்குப் போய்வந்த பாதை சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. 'அது பட்டா எடம்ப்பா. அவரு எடத்துல அவரு செவுரு வெக்கிறாரு. அதுல நாங்க என்ன பண்ண முடியும்?' என்று ஜீப்பில் ஏறினார்.

நம் முள்ளுக்கு விதி உண்டு. அவன் கல்லுக்கு விதி கிடையாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் இதை விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது. ஏனென்றால் அந்தச் சுவருக்கும் எங்கம்மா படுக்கிற இடத்துக்கும் நடுவே நாலு முழம்தான் இருக்கிறது.

போன ஐப்பசியில் அம்மா சொன்னாள்: 'செவுரு வேர்த்து நிக்குதுடா. தொட்டுப் பாரு, சில்லுங்குது.' கொத்து வேலை பார்க்கும் என் மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். சுற்றிப் பார்த்தவர் சொன்னார்: 'மண்ணத் தாங்குற செவுருன்னா அடி அகலமா இருக்கணும், ஒசரத்துல பாதியாவது வேணும். தண்ணி வடிய ஓட்ட வுடணும். பின்னால ஜல்லி கொட்டணும். இதுல ஒண்ணுமே இல்ல. காம்பவுண்டு செவுரக் கட்டி மண்ணத் தாங்கச் சொல்லியிருக்கான்.'

நான் படித்தது எம்.ஏ. தமிழ். கணக்கை இஞ்சினீயரிங் படிக்கிற தம்பி ஒருவன் போட்டுக் கொடுத்தான். சுவருக்குப் பின்னால் 20 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 18 டன் எடை தள்ளும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். 20 அடி என்று அவனிடம் நான் சும்மா சொல்லவில்லை.

மேட்டுப்பாளையம் நடூரில் ஆதிதிராவிடர் குடியிருப்பை ஒட்டி நின்ற கருங்கல் சுவரின் உயரம் 20 அடி. ஜவுளிக்கடை முதலாளியின் வீட்டுச் சுவர். 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் அது தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரால் ஆபத்து என்று முன்பே முறையிட்டதாக அந்த மக்கள் சொன்னார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்கள் மேல் தடியடி நடந்தது. பலர் சிறைக்குப் போனார்கள். கைதான சுவர்க்காரர் பிணையில் வந்தார். பத்திரிகைகள் 'கனமழைக்கு 17 பேர் பலி' என்று எழுதின. மழை மேல் வழக்குப் போட முடியாதல்லவா! மழை மேட்டிலும்தான் பெய்தது, பள்ளத்திலும்தான் பெய்தது. செத்தவர்கள் மட்டும் ஏன் பள்ளத்தில் இருந்தார்கள்? பள்ளத்தை நமக்கு ஒதுக்கியது எந்த மேகம்?

விதி இல்லையா என்றால், இருக்கிறது. ஊராட்சிகளுக்கான கட்டட விதிகள் 1997இல் வந்தன. தமிழ்நாடு முழுமைக்குமான ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019 பிப்ரவரியில் வந்தன. நடூர் அதே வருஷக் கடைசியில். விதி தாளில் இருந்தது, சுவர் தலையில் விழுந்தது.

உத்தப்புரத்தில் 1989 மோதலுக்குப் பிறகு ஆதிக்க சாதியார் எழுப்பிய சுமார் 600 மீட்டர் சுவர் இருபது வருஷம் போல நின்றது. அதன்மேல் மின்கம்பியும் இழுத்தார்கள். 2008 மே 6 அன்று அரசு இடித்துவிட்ட திறப்பு சுமார் 15 அடி. அந்தப் பதினைந்தடியைக்கூடப் பொறுக்காமல் ரேசன் கார்டைத் தூக்கி எறிந்துவிட்டு மலையடிவாரம் போனவர்களை அதிகாரிகள் தேடிப் போய்ச் சமாதானம் பேசினார்கள். சுவர் என்பது கல்லும் சுண்ணாம்பும் இல்லை என்று இதற்குமேல் யார் சொல்லித் தரவேண்டும்?

தமிழ் வகுப்பில் வேலி என்றால் காவல் என்று படித்தேன். எங்கள் தஞ்சைப் பக்கம் வேலி நில அளவும்கூட. இருபது மா ஒரு வேலி. நிலத்தை வேலிக் கணக்கில் வைத்திருந்தவன் அதைக் காக்க வேலியும் வைத்தான். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு, தீண்டாச்சேரி வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கோடு போட்டாயிற்று. அந்தக் கோட்டின் மேல்தான் மில்காரர் கல் வைத்திருக்கிறார்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். மதுரை மாவட்டம் சந்தையூரில் அருந்ததியர் 2018இல் வாரக்கணக்காக மலையில் கிடந்து இடிக்கச் சொன்ன சுவர், பறையர் தரப்புக் கோயிலைச் சுற்றி எழுப்பியது. அது வெறும் கோயில் காம்பவுண்டு என்று நம்மாட்களே வாதாடினார்கள். மில்காரரும் அதைத்தானே சொல்கிறார், 'என் எடம், என் காம்பவுண்டு' என்று! அவருடைய வாய் நமக்கு எப்படி வந்தது? நடூரில் செத்தவர்கள் அருந்ததியர். அவர்களுக்காக முழக்கமிட்ட வாயால் சந்தையூரை மூடி மறைக்க முடியாது.

என்ன செய்வது? சட்டத்தை நம்பி உட்காரச் சொல்லவில்லை, கையில் எடுத்துக்கொண்டு போகச் சொல்கிறேன். பொது இடத்துக்கு நாம் வழக்கமாக நடந்த பாதையை மறிப்பது 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 20 வருஷம் தடையில்லாமல் நடந்த வழிக்கு 1882 வசதியுரிமைச் சட்டத்தில் உரிமை உண்டு. இவற்றை எழுதி மனுக் கொடுங்கள். கிராமசபையில் தீர்மானம் கேளுங்கள். குடியிருப்பை ஒட்டி எந்தத் தடுப்புச் சுவர் வந்தாலும், பொறியாளர் சான்று இல்லாமல் கல் வைக்கக்கூடாது. சுவருக்குக் கீழே குடியிருப்பவர் ஒப்புதல் கேட்கவேண்டும். அந்தத் தாள் ஊராட்சி வாசலில் ஒட்டப்படவேண்டும். இதுவே நம் கோரிக்கை. சுவர் சரியாக இருக்கிறது என்று சொல்லவேண்டியவன் கட்டியவன். ஆபத்து என்று நிரூபிக்கச் செத்துக் காட்டவேண்டிய கடமை நமக்கில்லை.

நாங்கள் மூன்று மனு கொடுத்துவிட்டோம். 'நேரில் பார்வையிடப்பட்டது, ஆட்சேபம் இல்லை' என்று ஒரே ஒரு பதில் வந்தது. யார் வந்து பார்த்தார்கள் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி சொல்லியிருக்கிறது.

அம்மாவை என் அறைக்கு வரச் சொல்லிப் பார்த்தேன். 'நான் எழுந்து வந்துட்டா பக்கத்து வூட்டுப் புள்ளைவோ எங்கடா போவும்?' என்றாள். இப்போது தெருவே முறை வைத்து விழிக்கிறது. மழை இரவுகளில் இரண்டு பேர் டார்ச்சு லைட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அடுத்த கிராமசபைக்கு மொத்தத் தெருவும் போகிறது. நாலாவது மனுவோடு, பிடுங்கி எறிந்த ஒதியங்கழிகளையும் தூக்கிக்கொண்டு போகிறோம்.