பாட்டின் மேல் பழி போடாதீர்கள்



லயத்துப் பொடியன் தலையை ஒரு பக்கம் வழித்துக்கொண்டு ஸ்பீக்கரை அலற விட்டால் போதும், "பாட்டுதான் இளசுகளைக் கெடுக்குது" என்று நம் கமிட்டிகளிலேயே சிலர் தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். அதை நாம் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்ல இங்கிலாந்து வரை போக வேண்டியிருக்கிறது. துரைமாரின் ஊர்தான்; ஆனால் நாம் பேசுவது அங்குள்ள தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றி.

1960களின் கடைசியில் இலண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் "ஸ்கின்ஹெட்" இளைஞர் கூட்டம் கிளம்பியது. ஒட்ட வெட்டிய தலை, வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸ். அப்பன் உழைப்பாளி என்பதை மறைக்காத கோலம். அவர்கள் ஆடியது எந்தப் பாட்டுக்கு? ஜமேய்க்காவிலிருந்து பிழைக்க வந்த கறுப்புத் தொழிலாளரின் ஸ்கா, ரெகே இசைக்கு! அதே கூட்டத்தில் சிலர் தெருவில் ஆசியரைத் தேடிப்பிடித்து அடித்தார்கள் என்பதையும் மறைக்க மாட்டோம்.

அடுத்த பத்தாண்டில் ஆலைகளும் துறைமுகங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பள்ளி முடித்த பிள்ளைக்கு வேலையில்லை. அந்த வெற்றிடத்தில்தான் தேசிய முன்னணி என்ற இனவெறிக் கட்சி நுழைந்தது. காற்பந்து மைதான வாசல்களில் பத்திரிகை விற்றது, இசைக்குழுக்களைத் தன் பக்கம் இழுத்தது. ஆலையை மூடிய முதலாளியை விட்டுவிட்டு, பக்கத்து வீட்டுக் கறுப்பரையும் ஆசியரையும் காட்டியது. வந்தவர்களைத் திருப்பி அனுப்பு என்றது. 1948இல் ஒரே சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட நமக்கு அந்தக் கோஷம் புதிதா?

1981 ஜூலை 3ஆம் திகதி, ஆசியர் வாழும் சவுத்தோல் பகுதி மதுச்சாலையொன்றுக்கு இசை நிகழ்ச்சிக்கென ஸ்கின்ஹெட்டுகள் பஸ்களில் வந்திறங்கினார்கள். கடைகள் உடைக்கப்பட்டன. ஆசிய இளைஞர் திரண்டார்கள். இரவு முடிவதற்குள் மதுச்சாலை எரிந்து போனது.

தொழிற்சங்கம் எங்கே போயிருந்தது? சொல்லக் கூச்சமாக இருக்கிறது. 1968 ஏப்ரலில் ஈனொக் பவல் என்ற அரசியல்வாதி குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கிப் பேசியபோது, இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்திவிட்டு அவருக்கு ஆதரவாக ஊர்வலம் போனார்கள். சங்க உறுப்பினர்கள்தான்! ஆனால் 1977இல், குஜராத்திப் பெண் ஜெயாபென் தேசாய் முன்னின்று நடத்திய கிரன்விக் வேலைநிறுத்தத்தில், அதே துறைமுகத் தொழிலாளரின் பதாகையும் வந்து நின்றது. சுரங்கத் தொழிலாளரும் வந்தார்கள். தபால்காரர்கள் அந்தக் கம்பனியின் தபாலைத் தொட மறுத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது. அந்த ஒற்றுமையை நாம் தோல்வி என்று எழுத மாட்டோம்.

இசையும் சும்மா இருக்கவில்லை. 1976இல் இனவாதத்துக்கு எதிரான ரொக் இயக்கம் தொடங்கியது; 1978இல் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரம் பேர் ஒரே மேடையில் வெள்ளையரையும் கறுப்பரையும் கேட்டார்கள். மோட்டார் ஆலை நகரான கொவென்ட்ரியின் 'தி ஸ்பெஷல்ஸ்' குழு அதே ஸ்காவை இரு நிறத்தாரும் சேர்ந்தே வாசித்தது. அதே தாளம், அதே மொட்டைத் தலை. யார் கூப்பிட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

ஆகவே கமிட்டித் தலைவர்மாரைக் கேட்கிறோம்: கடைசியாகத் தோட்டக் கமிட்டி கூடியபோது, இருபத்தைந்து வயதுக்குக் குறைந்தவர் எத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள்? கொழும்புக் கடைகளிலிருந்து தீபாவளிக்கு வீடு வரும் பிள்ளையிடம், சம்பளம் எவ்வளவு, தங்குமிடம் எப்படி என்று சங்கத்தில் யாராவது விசாரித்தீர்களா?