சுத்தியல் ஏலக்காரரிடம் இருக்கட்டும், தீர்ப்பு வேண்டாம்

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலும், வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டைக் கரைவலைப் பாடுகளிலும் மீனுக்கு விலை தீர்மானிக்கும் பழைய வழி ஏலம். விற்ற விலையில் தரகு பெறும் ஏலம் கூறுபவருக்கு விலை ஏறுவதில் ஆதாயம் உண்டு. ஆனாலும் இல்லாத ஒருவர் கேட்டதாகச் சொல்லி அவரால் விலையை ஏற்றுவது கடினம். கேட்டவர் யார் என்பதைச் சுற்றி நிற்கும் வியாபாரிகள் பார்க்கிறார்கள். மீனுக்குரிய சம்மாட்டியும் பார்க்கிறார். “முதலில் கேட்டது நான்தான்” என்று ஒருவர் குரல் எழுப்பினால், மீன் ஐஸ் பெட்டிக்குள் போவதற்கு முன்பே, கண்ட சாட்சிகளை வைத்து அதைப் பேசித் தீர்க்கலாம். விளையாட்டு வீரர்களின் மட்டை, தொப்பி, சட்டை ஆகியவற்றை இலட்சங்களுக்கும் கோடிகளுக்கும் விற்கும் ஏல நிறுவனங்களிலும் இதே ஆதாயம் இருக்கிறது. பார்க்கும் கண்கள்தான் இல்லை. அங்கே ஏலத்தை நடத்துவதும், யார் எவ்வளவு கேட்டார் என்ற பதிவை வைத்திருப்பதும், தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் ஒரே தரப்பு. முதலிரண்டும் நிறுவனத்திடம் இருக்கலாம். மூன்றாவது இருக்கக் கூடாது.

சட்டம் இதில் பாதித் தூரம் வந்திருக்கிறது. 1789 இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பெய்ன் எதிர் கேவ் வழக்கு ஓர் அடிப்படையை நிறுவியது: ஏலத்தில் விலை கேட்பது ஒரு முன்மொழிவு மட்டுமே, சுத்தியல் விழும்வரை கேட்டவர் அதை மீளப் பெறலாம். அந்த வழியில் வந்த 1893 ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தை ஒட்டியே இலங்கையின் 1896 ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் எழுதப்பட்டது. விற்பவர் தானும் விலை கேட்கும் உரிமையை முன்கூட்டி அறிவிக்காமல், தானோ தன் ஆள் மூலமோ விலை கேட்டால் அந்த விற்பனையை மோசடியாகக் கருத வாங்குபவருக்கு உரிமை உண்டு என்கிறது அது. ஆனால் அந்த மோசடியைக் காட்டும் பதிவை யார் யாருக்குக் காட்ட வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. கூட்டத்தின் நடுவே, எல்லோர் காதும் கேட்க நடந்த ஏலங்களின் காலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் அதற்குத் தேவையும் இருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏல நிறுவனங்கள் தம் நிபந்தனைப் பத்திரத்தில் வழக்கமான ஒரு வாசகத்தைச் சேர்க்கின்றன: தகராறு எழுந்தால் ஏலம் கூறுபவரின் முடிவே இறுதியானது.

அந்த வாசகத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாஸ்ட்ரோ நிறுவனம் சான்று. இல்லினோய் மாநிலத்திலிருந்து இயங்கிய அந்த நிறுவனம் ஒரு காலத்தில் விளையாட்டு நினைவுப் பொருள் ஏலத்தில் முன்னணியில் இருந்தது. பேஸ்போல் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் பதித்த சிகரெட் அட்டை ஒன்று 2007 இல் 28 இலட்சம் டொலருக்கு விலைபோனது. அந்த அட்டையின் ஓரங்களைத் தானே வெட்டிச் சீர்செய்ததையும், தம் ஏலங்களில் போலி விலைக்கேள்விகளால் விலை ஏற்றப்பட்டதையும் நிறுவனத்தின் தலைவர் பில் மாஸ்ட்ரோ 2013 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2015 இல் அவருக்கு 20 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ஏமாந்தவர்கள் விவரமறியாதவர்கள் அல்லர். பல ஆண்டுகளாகச் சேகரிப்பில் ஈடுபட்டவர்களும் அவர்களில் உண்டு. தம்மை எதிர்த்து விலை கேட்பவர் உண்மையில் இருக்கிறாரா என்று சரிபார்க்க அவர்களிடம் எந்த வழியும் இருக்கவில்லை. உண்மை வெளிவர எஃப்.பி.ஐ. விசாரணையே தேவைப்பட்டது. எங்கள் ஊரில் ஒரு துடுப்பு மட்டைக்கு விலை கேட்டு ஏமாந்தவருக்காக அப்படியொரு விசாரணை நடக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிழை எப்போதும் நிறுவனத்தின் பக்கம் மட்டுமே என்பதும் சரியல்ல. பங்களாதேஷ் வீரர் முஷ்பிகுர் ரஹீம் 2013 மார்ச்சில் காலி மைதானத்தில் இலங்கைக்கு எதிராக 200 ஓட்டங்கள் எடுத்தார். டெஸ்ட் போட்டிகளில் பங்களாதேஷ் வீரர் ஒருவரின் முதல் இரட்டைச் சதம் அது. அந்த மட்டையை 2020 மே மாதம், கொரோனா நிவாரணத்துக்காக அவர் இணையத்தில் ஏலம் விட்டார். வாங்கும் எண்ணமே இல்லாதவர்கள் பொய்யாக விலையை ஏற்றியதால் ஏலத்தை இடையில் நிறுத்த நேர்ந்தது. கடைசியில் பாகிஸ்தான் வீரர் ஷாஹித் அப்ரிடியின் அறக்கட்டளை 20,000 டொலர் கொடுத்து மட்டையைப் பெற்றுக்கொண்டது. நல்ல நோக்கத்துக்காக, நல்ல மனிதர் நடத்திய ஏலம்கூட, விலை கேட்பவர் யார் என்று உறுதிசெய்யும் விதி இல்லாவிட்டால் இப்படித் தடுமாறும். நல்லெண்ணம் விதிகளின் வேலையைச் செய்யாது.

விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் பெரிய தகராறும் சில நிமிடங்களில் அடங்கும் என்பதையும் கிரிக்கெட்டே காட்டியிருக்கிறது. 2012 ஐபிஎல் வீரர் ஏலத்தில் ரவீந்திர ஜடேஜாவுக்காகச் சென்னை சூப்பர் கிங்ஸும் டெக்கான் சார்ஜர்ஸும் 20 இலட்சம் டொலர் என்ற உச்ச வரம்பில் வந்து நின்றன. அதற்கு மேல் கேட்க வழியில்லை. ஏலம் கூறுபவரின் விருப்பத்துக்கு அது விடப்படவில்லை. முன்பே வகுத்திருந்த விதிப்படி இரு அணிகளும் மூடிய தாளில் மேலதிகத் தொகையை எழுதிக் கொடுத்தன. கூடுதலாக எழுதிய சென்னை அவரைப் பெற்றது. தோற்ற அணிக்கு ஏமாற்றம் இருந்திருக்கும். ஆனால் விதி இடையில் மாறியது என்று சொல்ல அதற்கு இடமில்லை.

ஆகவே வேண்டியவை நான்கு. விலை கேட்பவர் ஒவ்வொருவரும் அடையாளத்தை உறுதிசெய்து, சிறு முற்பணமும் கட்டிப் பதிவுசெய்ய வேண்டும். ஒவ்வொரு விலைக்கேள்வியும் நேரத்தோடு பதிவாகி, அந்தப் பதிவு குறைந்தது ஓராண்டு பாதுகாக்கப்பட வேண்டும். ஏலம் முடிந்து மூன்று நாட்களுக்குள் எழுத்தில் வரும் முறைப்பாடு தீரும்வரை பொருளும் பணமும் கைமாறக் கூடாது. அந்த முறைப்பாட்டை ஏல நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஒருவர் பதிவைப் பார்த்துத் தீர்க்க வேண்டும். இவற்றுக்காகப் புதிய நீதிமன்றம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகள் குறிப்பிட்ட தொகைக்கு உட்பட்ட பிணக்குகளை ஏற்கெனவே கையாள்கின்றன. மின்னணுப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்க 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் வழிசெய்திருக்கிறது.

முடிவு உடனே உறுதியாகாவிட்டால் ஏலமே ஏலமாக இராது என்று நிறுவனங்கள் சொல்லும். சுத்தியல் விழுந்த பிறகு பேச்சில்லை என்ற உறுதிதான் மக்களைத் துணிந்து விலை கேட்க வைக்கிறது என்பது உண்மை. மீனுக்கு இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். சில மணி நேரத்தில் அது கெட்டுவிடும். நாற்பது வருடம் பழைய தொப்பி மூன்று நாளில் கெடாது. பணம் செலுத்தவும் பொதி அனுப்பவும் எப்படியும் பல நாட்கள் எடுக்கின்றன. அந்த நாட்களுக்குள் அடங்கும் முறைப்பாட்டால் யாருக்கும் நட்டமில்லை. சுத்தியலின் சொல்லை நீதிமன்றம் மீறினால் வியாபாரம் அழியும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. இங்கிலாந்தில் குறைந்தபட்ச விலை இல்லை என்று அறிவித்த ஏலம் ஒன்றில், தலா 14,000 பவுணுக்கு மேல் பெறுமதியான இரு இயந்திரங்களுக்கு ஒருவர் தலா 200 பவுண் கேட்டார். ஏலம் கூறுபவர் அதை ஏற்காமல் பொருட்களை விலக்கிக்கொண்டார். 2000 ஆம் ஆண்டு ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த மனிதருக்கு 27,600 பவுண் இழப்பீட்டை உறுதிசெய்தது. அதன் பிறகும் இங்கிலாந்தில் ஏலங்கள் செழிப்பாகவே நடக்கின்றன.

பெரும் பணம் கொடுத்து வாங்குவோர் தம் பெயர் வெளிவருவதை விரும்புவதில்லை என்பது அடுத்த மறுப்பு. பெயர் பொதுவெளிக்கு வரத் தேவையில்லை. இலக்கமிட்ட பதிவை முறைப்பாட்டாளரும், பெயருள்ள பதிவை மத்தியஸ்தர் மட்டும் பார்த்தால் போதும். தோற்றவர்கள் எரிச்சலில் பொய் முறைப்பாடு செய்வார்கள் என்றால், ஆதாரமற்ற முறைப்பாட்டுக்கு முற்பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு நிறுவனங்களை எங்கள் சட்டம் என்ன செய்யும் என்பதே மிகக் கனமான கேள்வி. திருகோணமலையிலிருந்து கைப்பேசி வழியாக லண்டனிலோ சிட்னியிலோ விலை கேட்பவர் அந்த நாட்டுச் சட்டத்துக்கும் நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கும் சம்மதித்தே கேட்கிறார். அவை கேட்ட விலையையே மாற்றக்கூடியவை. 2024 டிசம்பரில் சிட்னியில் கிரிக்கெட் வீரர் பிராட்மனின் தொப்பி 390,000 அவுஸ்திரேலிய டொலருக்கு ஏலம்போனது. கட்டணம் சேர்ந்தபோது வாங்கியவர் கொடுக்க வேண்டியது 479,700 டொலர். அங்கே இலங்கைச் சட்டத்தின் கை எட்டாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் கை எட்டும் இடத்திலும் விதி இல்லாமல் இருப்பதற்கு அது நியாயமாகாது. இந்த நாட்டில் நடக்கும் ஏலங்களுக்கு இந்த நான்கு விதிகளையும் இன்றே கட்டாயமாக்கலாம். வெளிநாட்டில் வாங்குவோர், தகராறைத் தீர்ப்பது யார் என்று நிபந்தனையில் தேடிப் பார்த்து, நிறுவனமே தீர்க்கும் என்றிருந்தால் விலகலாம். வாங்குவோர் விலகும் இடத்தில் நிறுவனங்கள் தாமாகவே மாறும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இணைய ஏலங்களுக்கான அடிப்படை விதிகளை வெளியிட வேண்டும். விலைக்கேள்விப் பதிவை மத்தியஸ்தரிடம் காட்டும் கடமையை நாடாளுமன்றம் 1896 ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல், நிதி திரட்ட மட்டையையோ சட்டையையோ ஏலம் விடும் திருகோணமலை விளையாட்டுக் கழகங்கள் இந்த நான்கு விதிகளையும் ஒரு பக்கத்தில் எழுதி, ஏலம் தொடங்குமுன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டட்டும். செலவு ஒரு தாள்தான். தன் ஏலத்தைப் பற்றிய முறைப்பாட்டுக்குத் தானே நீதிபதியாக இருக்கும் எந்த நிறுவனத்திடமும், அதன் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், விலை கேட்காதீர்கள்.