வாழை வராதது நாட்டின் குற்றமா?



"அந்த நாட்டுக் குளிருக்கு நம்மட வாழை வராது" என்று போன கிழமை ஒருவர் என்னோடு வாதாடினார். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தக் கதையை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. பல நேரம் பிழை நாட்டில் இல்லை, நட்ட இடத்தில்தான்.

மெல்பேர்னில் இருக்கும் மருமகன் இரண்டு வருசம் நட்டான். இரண்டு முறையும் ஜூலையில் இலை கருகி, கிழங்கு அழுகிப் போனது. "அவனுக்குக் கைராசி இல்ல" என்று ராத்தாவுக்குக் கவலை. எங்கே நட்டாய் என்று கேட்டேன். வளவின் கடைசியில், தண்ணீர் வடியும் பள்ளத்தில் என்றான். நாம் பழக்கியதுதானே! வாழை என்றால் நமக்குக் கிணற்றடி, குசினித் தண்ணீர் ஓடும் இடம். இங்கே சூட்டுக்குப் பஞ்சமில்லை, தண்ணீரைத்தான் பார்க்க வேண்டும்.

அங்கே பார்க்க வேண்டியது சூடு. சுமார் 14 பாகை செல்சியசுக்குக் கீழே வாழை வளராது. உறைபனி பட்டால் இலை கருகிவிடும். குளிர்ந்த காற்று பாரமானது. இரவில் அதுவும் தண்ணீரைப் போலவே சரிந்து பள்ளத்தில் தேங்கும். ஆக, நம் பழக்கப்படி தேடிப்பிடிக்கும் இடமே அங்கே ஆகக் குளிரான இடம். ஈரமும் நின்றால் கிழங்கு தப்பாது.

நம்பாதவர்கள் அவுஸ்திரேலியாவின் கொஃப்ஸ் ஹாபரைப் பாருங்கள். ஏறக்குறைய 30 பாகை தெற்கில், அயன வலயத்துக்கு வெளியே இருக்கிறது. 1964 இல் வீதியோரம் பெரிய கொங்கிறீட் வாழைப்பழமே கட்டிவைத்த ஊர். அங்கே வாழையை வளர்த்தது வடக்கு, வடகிழக்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளில். குலையைச் சுமந்து இறங்குவது லேசான வேலையில்லை. ஆனாலும் குளிர்காலத்தில் வெயில் வடக்கிலிருந்துதான் சாய்ந்து வரும், குளிர்காற்றும் கீழே வடிந்துவிடும்.

மூன்றாவது கன்றை மருமகன் வடக்குப் பார்த்த செங்கல் மதிலோரம், காற்றுப் படாத மேட்டில் வைத்தான். பகலில் வாங்கிய சூட்டை மதில் இரவில் விடும். போன குளிரில் இலை கிழிந்தது, மரம் நிற்கிறது. குலை இன்னும் இல்லை. 38 பாகையில் அதற்கு அவசரப்படவும் கூடாது. இங்கிலாந்து, கனடாப் பிள்ளைகளுக்குத் திசை தலைகீழ்: தெற்குப் பார்த்த மதில்.

இன்னொன்று. கோழிக்கூட்டுக் குட்டியைப் பேக்கில் ஒளித்து அனுப்பாதீர்கள். குட்டியோடு வாடல் நோயும் போகும், விமான நிலையத்தில் பிடிபட்டால் பிள்ளைக்குத்தான் தண்டம். கன்றை அங்கேயே வாங்கட்டும்.